ஷெங்கன் நாடுகளுக்கு முதன்முறை செல்வோருக்கு: விசா விண்ணப்பம் முதல் வெளியேறும் நாள் வரை

பாரிசில் ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸில் இறங்கும் பயணியிடம் பெரும்பாலான நாள்களில் யாரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை. நாடு மாறிவிட்டதைக் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திதான் முதலில் தெரிவிக்கும். இதைப் பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்தபின் விதி எதுவும் இல்லை என்று முடிவு செய்துகொள்வதால்தான் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளோடு புதிதாக ஐரோப்பா செல்வோர் பலர் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள். ஷெங்கன் நாடுகள் நீக்கியது தங்களுக்கு இடையிலான எல்லைகளில் நடந்துவந்த சோதனையை மட்டுமே. யார், எதற்காக, எத்தனை நாள் தங்கலாம் என்ற நிபந்தனைகள் அப்படியே இருக்கின்றன. விரும்பிய நாட்டில் குடியேறி வேலை பார்க்கும் உரிமை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கும், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கும், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினருக்கும் உரியது. மற்றவர்களுக்கு விசாவோ வதிவிட அனுமதியோ தரும் நாள்கள்தான் உண்டு. வழியில் நிறுத்திக் கேட்பவர் இல்லாததால், அந்த நாள்களின் கணக்கைப் பயணியே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதற்படி: எந்தெந்த நாடுகள் உள்ளே, எவை வெளியே

1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கின் ஷெங்கன் என்ற சிற்றூர் அருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு படகில், பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாட்டிலிருந்து இந்த ஏற்பாடு பிறந்தது. 1995 மார்ச் 26 முதல் எல்லைச் சோதனைகள் நடைமுறையில் நீங்கின. இன்று இதில் 29 நாடுகள் இருக்கின்றன. குரோவேஷியா 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் 31 முதல் வான், கடல் வழிகளிலும், 2025 ஜனவரி 1 முதல் தரை வழியிலும் இணைந்தன. பழைய பயண நூல்களிலும் இணையத்தில் கிடக்கும் பழைய பட்டியல்களிலும் இந்த மூன்று நாடுகளும் வெளியே இருப்பதாகவே காணப்படும். அவற்றை நம்பித் திட்டமிடக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கனும் ஒன்றல்ல என்பதை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கின்றன. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ஆகவே பாரிசிலிருந்து லண்டனுக்கு ரயிலில் போவது ஷெங்கனை விட்டு வெளியேறும் பயணம். அதற்குத் தனியாகப் பிரிட்டன் விசா வேண்டும், திரும்பி வருவதற்கு ஷெங்கன் விசாவில் இன்னொரு நுழைவு மீதம் இருக்க வேண்டும்.

ஒரு நாட்டின் பகுதியாகவே இருந்துகொண்டு ஷெங்கனுக்கு வெளியே நிற்கும் இடங்கள் பயணிகளை இன்னும் அதிகமாகக் குழப்புகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த கிரீன்லாந்தும் பரோ தீவுகளும் வெளியே இருக்கின்றன. வடதுருவத்துக்கு அருகில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டும் அப்படித்தான். ஒஸ்லோவிலிருந்து அங்கே போய்த் திரும்ப, இரண்டு நுழைவுகளுக்காவது இடம் தரும் விசா வேண்டும். தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரீயூனியன் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமே என்றாலும், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளைப் போலவே ஷெங்கன் எல்லைக்குள் வராது. பிரான்சு செல்ல வாங்கிய சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு ரீயூனியனில் உள்ள உறவினரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும்போதே அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் அன்டோராவும் ஷெங்கனில் சேராதது. அங்கே போவதற்கே ஷெங்கன் நாடு ஒன்றைக் கடந்தாக வேண்டும் என்பதால், ஒருமுறை நுழைவு விசாவோடு அன்டோராவுக்குப் போனவர் சட்டப்படி திரும்பி வர வழியில்லாமல் போகும்.

இரண்டாம் படி: உங்கள் கையில் இருப்பது என்ன ஆவணம்

பொதுவாக மூன்று வகை ஆவணங்கள் உண்டு. சுற்றுலா, உறவினர் வீடு, வணிகச் சந்திப்பு போன்றவற்றுக்கு 90 நாள் வரை தரப்படுவது சி வகை விசா. ஷெங்கன் விசா என்று மக்கள் சொல்வது இதைத்தான். படிப்பு, வேலை, குடும்ப இணைவு ஆகியவற்றுக்காக ஒரு குறிப்பிட்ட நாடு தருவது டி வகை விசா. அந்த நாட்டில் போய்ச் சேர்ந்தபின் கிடைப்பது வதிவிட அனுமதி அட்டை. பின்னிரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு உண்டு. அதை ஏழாம் படியில் காணலாம்.

வானூர்தி மாறுவதற்காக மட்டும் ஒரு ஷெங்கன் விமான நிலையத்தில் இறங்குவோருக்கு ஏ வகை விசா என்ற ஒன்றும் இருக்கிறது. வெளியே வராமல் பன்னாட்டுப் பகுதிக்குள்ளேயே அடுத்த விமானத்தைப் பிடிப்பவருக்கும் இது தேவைப்படலாம். எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான பட்டியலில் இலங்கை இடம்பெற்றிருக்கிறது, இந்தியா இல்லை. ஆனால் தனித்தனி நாடுகள் தங்கள் பட்டியலில் வேறு நாடுகளையும் சேர்க்கவும் நீக்கவும் செய்கின்றன என்பதால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் எந்த நாட்டில் விமானம் மாறுகிறோமோ அந்நாட்டுத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்துவிட வேண்டும். கனடா, அமெரிக்கா, ஜப்பான் விசா வைத்திருக்கும் பயணிகளுக்கும், அந்நாடுகளின் சில வகை வதிவிட அனுமதி உள்ளவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு.

மூன்றாம் படி: எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது

ஷெங்கன் விசா எல்லா நாடுகளிலும் செல்லும் என்பதால் எந்த நாட்டிடம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது பொருளில்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அல்லது பயணத்தின் முதன்மை நோக்கம் எங்கே நிறைவேறுகிறதோ, அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிசில் நான்கு இரவு, சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு, இத்தாலியில் மூன்று இரவு என்று திட்டமிடும் குடும்பம், பாரிசில்தான் முதலில் இறங்குகிறது என்றாலும் சுவிட்சர்லாந்திடமே விண்ணப்பிக்க வேண்டும். பாரிசிலும் சுவிட்சர்லாந்திலும் நாள்கள் சமமாக இருந்து, இத்தாலியில் அவற்றைவிடக் குறைவாக இருந்தால், அவ்விரண்டில் முதலில் நுழையும் பிரான்சிடம் போக வேண்டும்.

இந்த நாடு எளிதில் விசா தரும், அங்கே இரண்டு நாள் தங்குவதாகக் காட்டிவிட்டு நேராக வேறு நாட்டுக்குப் போய்விடலாம் என்று யோசனை சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நுழையும் இடத்தில் தங்குமிட முன்பதிவைக் கேட்கும் குடிவரவு அதிகாரிக்குப் பயணத் திட்டம் பொய் என்று தெரிந்தால், அங்கேயே விசாவை நீக்கித் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. அதன் பதிவு அடுத்த விண்ணப்பத்திலும் கூடவே வரும். முகவருக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை. விசா வாங்கிய பிறகு உண்மையாகவே திட்டம் மாறுவது வேறு விஷயம். மாறியதற்கான காரணத்தையும் புதிய முன்பதிவுகளையும் கையில் வைத்திருந்தால் போதுமானது.

விண்ணப்பத்தைச் சட்டப்படி வசிக்கும் நாட்டில்தான் கொடுக்க வேண்டும். சென்னையில் வசிப்பவர் இந்தியாவில் கொடுப்பார். சிங்கப்பூரில் வேலை அனுமதியோடு வாழும் தமிழ்நாட்டுக்காரர் சிங்கப்பூரில் கொடுப்பார். சென்னையில் பெரும்பாலான நாடுகளுக்கான விண்ணப்பங்களை வி.எஃப்.எஸ். போன்ற வெளி நிறுவனங்களின் மையங்கள் வாங்கிக்கொள்கின்றன. முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. மையத்தில் இருப்பவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது என்பதால், கூடுதல் கட்டணச் சேவைகளை வாங்கினால் விசா கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று எண்ண வேண்டாம்.

நான்காம் படி: காலமும் ஆவணங்களும்

பயணம் தொடங்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகவாவது கொடுத்துவிட வேண்டும். முடிவு சொல்லத் தூதரகத்துக்கு 15 நாள் கொடுக்கப்பட்டிருக்கிறது, கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளும். ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறைக்காக விண்ணப்பங்கள் குவியும் பருவத்தில் மையத்தில் நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும். ஆகவே விடுமுறைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது பாதுகாப்பானது.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களாவது உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ வரை செலவை ஏற்பதாகவும், எல்லா ஷெங்கன் நாடுகளிலும் தங்கும் நாள் முழுவதற்கும் செல்வதாகவும், அவசர மருத்துவம், நோயுற்றவரை ஊருக்கு அனுப்புதல், இறப்பு ஆகியவற்றை உள்ளடக்கியதாகவும் இருக்க வேண்டும். பயணத் தேதியை மாற்றினால் காப்பீட்டின் தேதியையும் மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மற்ற ஆவணங்கள் எல்லாம் இரண்டே கேள்விகளுக்கான பதில்கள்: செலவுக்குப் பணம் இருக்கிறதா, திரும்பி ஊருக்கு வருவீர்களா. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வேலை செய்யும் இடத்தில் விடுமுறை ஒப்புதல் கடிதம், தொழில் செய்பவரானால் பதிவுச் சான்று, தங்குமிட முன்பதிவு, உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர் அங்கே முறைப்படி பெற்றுத் தரும் அழைப்புக் கடிதம் ஆகியவை இந்தக் கேள்விகளுக்காகவே கேட்கப்படுகின்றன. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் யாரோ கணக்கில் போட்ட பெரிய தொகையைவிட, மாதந்தோறும் ஒழுங்காக வரும் சிறிய சம்பளமே அதிகாரிக்கு நம்பிக்கை தரும். பிள்ளைகள் தாய் தந்தையரில் ஒருவரோடு மட்டும் பயணம் செய்தால் மற்றவரின் சான்றளிக்கப்பட்ட சம்மதக் கடிதத்தையும் சேர்க்க வேண்டும்.

விரல் ரேகை ஒருமுறை கொடுத்தால் அது 59 மாதங்களுக்குச் செல்லும். அந்தக் காலத்துக்குள் மீண்டும் விண்ணப்பிப்பவரிடம் பொதுவாக மறுபடி எடுப்பதில்லை.

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கு 2024 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஆணையம் ஒரு சலுகையைக் கொண்டுவந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களைப் பெற்று அவற்றை முறையாகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு செல்லும் பல்முறை நுழைவு விசா வழங்கலாம். அதையும் ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு, கடவுச்சீட்டில் போதிய ஆயுள் இருந்தால், ஐந்து ஆண்டு விசா கிடைக்கும். இதற்காகவே பழைய விசாக்களின் நகல்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கியதன் கறை இந்தப் படிக்கட்டில் ஏறுவதைத் தடுத்துவிடக்கூடும்.

ஐந்தாம் படி: ஒட்டுத்தாளைப் படித்துப் பார்ப்பது

கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் விசா ஒட்டுத்தாளில் உள்ள பெயர், கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி ஆகியவற்றைச் சரிபார்த்தபின், மூன்று இடங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது, விசா எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இரண்டாவது, எத்தனை முறை நுழையலாம் என்பது; 01 என்றால் ஒரே முறை, 02 என்றால் இரண்டு முறை, மல்ட் என்ற குறிப்பு இருந்தால் பலமுறை. மூன்றாவது, எத்தனை நாள் தங்கலாம் என்பது.

முதலாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். சுற்றுலா விசாவில் செல்லும் காலம் பெரும்பாலும் தங்கும் நாள்களைவிட 15 நாள் கூடுதலாக இருக்கும். பயணத் தேதி சற்று முன்பின்னாக மாறினாலும் உதவட்டும் என்பதற்காகவே அந்தக் கூடுதல் காலம் தரப்படுகிறது. ஜூன் 1 முதல் ஜூன் 27 வரை செல்லும், 12 நாள் தங்கலாம் என்று எழுதியிருந்தால், அந்த 27 நாளுக்குள் எந்தத் தேதியில் நுழைந்தாலும் 12 நாள் மட்டுமே இருக்கலாம். ஜூன் 20 அன்று நுழைந்தால் 27 அன்றே வெளியேறிவிட வேண்டும், அப்போது எட்டு நாள்தான் கிடைக்கும். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே கணக்கில் சேரும். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன் குடிவரவைக் கடந்தாலும் அந்த நாள் ஒன்று போய்விடும்.

ஆறாம் படி: 180 நாளில் 90 நாள்

பல்முறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டியது இந்த விதி. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் ஷெங்கன் பகுதி முழுவதிலும் சேர்த்து 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்து ஆண்டு விசாவாக இருந்தாலும் இதுவே விதி. அந்த 180 நாள் ஜனவரி 1 அன்றோ முதல் நுழைவு அன்றோ தொடங்கும் நிலையான காலம் என்று நினைப்பது தவறு. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் நகர நகர அந்தக் காலமும் கூடவே நகரும்.

ஜெர்மனியில் இருக்கும் மகள் வீட்டுக்கு அடிக்கடி சென்று வரும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். அவர் 2026 பிப்ரவரி 1 முதல் மார்ச் 2 வரை 30 நாள் இருந்தார். மே 1 முதல் மே 30 வரை மறுபடி 30 நாள். ஜூலை 1 அன்று மூன்றாம் முறை நுழைகிறார். ஜூலை 1 இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 180 நாள் ஜனவரி 3 வரை போகிறது. முந்தைய இரண்டு தங்கல்களும் அதற்குள் வருவதால் 60 நாள் செலவாகியிருக்கிறது. மீதம் 30 நாள்தான், ஜூலை 30 அன்று புறப்பட்டாக வேண்டும் என்று அவர் நினைக்கக்கூடும். ஆனால் ஜூலை 31 அன்று அந்த 180 நாள் பிப்ரவரி 2 இல்தான் தொடங்குகிறது. பிப்ரவரி 1 கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. இப்படி ஒவ்வொரு நாளும் பழைய நாள் ஒன்று விழ, புதிய நாள் ஒன்று சேர, மொத்தம் 90 ஆகவே நிற்கும். மார்ச் 2 வரையிலான எல்லா நாளும் விழுந்து முடிவது ஆகஸ்ட் 29 அன்று. ஆகஸ்ட் 30 அன்று விழுவதற்குப் பழைய நாள் எதுவும் இல்லாததால் மொத்தம் 91 ஆகிவிடும். ஆகவே விசாவின் தேதியும் இடம் கொடுத்தால், ஆகஸ்ட் 29 வரை அவர் இருக்கலாம்.

இதைக் கையால் எண்ணுவதைவிட ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் உள்ள நாள் கணிப்பானைப் பயன்படுத்துவது எளிது. அதற்கு உள்ளீடாகக் கொடுக்க, ஒவ்வொரு நுழைவு, வெளியேற்றத் தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் நுழைவு, வெளியேற்றப் பதிவு முறை என்ற மின்னணு ஏற்பாடு படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகப்படத்தையும் தேதிகளையும் கணினியில் ஏற்றி, தங்கிய நாள்களை அதுவே கூட்டிச் சொல்லிவிடும். முத்திரை மங்கியிருக்கிறது, அதிகாரி கவனிக்கமாட்டார் என்ற காலம் முடிந்துவிட்டது. எடியாஸ் என்ற இணைய முன் அனுமதியைப் பற்றியும் செய்திகள் வருகின்றன. அது விசா தேவைப்படாத நாட்டினருக்கானது, விசா வாங்கிச் செல்லும் இந்தியரும் இலங்கையரும் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

நுழைவுச் சோதனை எங்கே நடக்கும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சென்னையிலிருந்து பிராங்ஃபர்ட் வழியாக ரோம் செல்பவருக்குக் குடிவரவுச் சோதனை பிராங்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும்; அங்கிருந்து ரோம் செல்வது உள்நாட்டுப் பயணத்தைப் போன்றது. துபாய் வழியாகச் செல்பவருக்கு ரோமில் நடக்கும். பிராங்ஃபர்ட்டில் விமானம் மாற ஒரு மணி நேரம் மட்டும் இருக்கும் பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் குடிவரவு வரிசை நீண்டால் அடுத்த விமானம் போய்விடும். தங்குமிட முன்பதிவு, திரும்பும் பயணச்சீட்டு, காப்பீடு, அழைப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்கள் கைப்பையில் இருக்கட்டும். விசா என்பது எல்லையில் வந்து நிற்பதற்கான உரிமை மட்டுமே. நுழைவு நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று அதிகாரி கருதினால் விசா இருந்தும் மறுக்க அவருக்கு இடம் உண்டு.

உள்ளே ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போதும் கடவுச்சீட்டை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்து ஜெர்மனியின் கேல் நகருக்கு 2017 முதல் டிராம் வண்டி ஓடுகிறது. சாமான் வாங்கவே மக்கள் அதில் போய்வருவார்கள். ஆனால் 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் தற்காலிகச் சோதனையைக் கொண்டுவந்தது. ஷெங்கன் விதிகளே இதற்கு இடம் தருகின்றன. ஆஸ்திரியா, பிரான்ஸ், டென்மார்க் போன்ற நாடுகளும் பல ஆண்டுகளாக இதைப் பயன்படுத்திவருகின்றன. கேட்கும்போது கடவுச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் காட்டுவது போதாது.

இத்தாலியில் இன்னொரு கடமையும் உண்டு. வேறொரு ஷெங்கன் நாட்டின் வழியாக அங்கே வரும் வெளிநாட்டவர் எட்டு நாளுக்குள் தம் வருகையைக் காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும். விடுதியில் தங்கினால் விடுதிக்காரர் செய்யும் பதிவே போதும். உறவினர் வீட்டில் தங்குபவர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஏழாம் படி: அங்கே வதிவிட அனுமதி உள்ளவர்கள்

ஒரு ஷெங்கன் நாட்டின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதி அட்டையும் கடவுச்சீட்டும் இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளுக்குத் தனி விசா இல்லாமல், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை போய் வரலாம். டி வகை விசா உள்ளவர்களுக்கும் 2010 ஏப்ரலில் இருந்து இந்த உரிமை உண்டு. அட்டை தந்த நாட்டில் இருக்கும் நாள்கள் இந்த 90 நாளில் சேராது. மற்ற நாடுகள் எல்லாவற்றிலும் கழித்த நாள்கள் சேர்த்துத்தான் எண்ணப்படும். அகதிகளுக்கான பயண ஆவணமும் வதிவிட அனுமதியும் வைத்திருக்கும் ஈழத் தமிழர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

முதன்முறையாக விண்ணப்பித்துவிட்டு அட்டைக்காகக் காத்திருப்பவருக்குத் தரப்படும் தற்காலிகத் தாளும், தஞ்சக் கோரிக்கை விசாரணையில் இருப்பவருக்குத் தரப்படும் தாளும் வதிவிட அனுமதியாகக் கருதப்படுவதில்லை என்று எல்லை விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. சுவிட்சர்லாந்தில் தஞ்சம் கோரியவருக்குத் தரப்படும் என் வகை அட்டையோடும், தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவருக்குத் தரப்படும் எஃப் வகை அட்டையோடும் வாழ்பவர்கள் பக்கத்து நாட்டில் நடக்கும் திருமணத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ மற்றவர்களோடு காரில் ஏறிப் போய்விடக் கூடாது. பிடிபட்டால் பாதிக்கப்படுவது அவர்களுடைய தங்கும் உரிமையே. முன்கூட்டியே தாங்கள் வாழும் மாநிலத்தின் குடிவரவு அலுவலகம் வழியாக அனுமதி கேட்க வேண்டும். உறவு விட்டுப்போகிறதே என்ற வேதனை பெரியதுதான், ஆனாலும் இதில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

வருகை உரிமையும் வேலை உரிமையும் வேறு. பிரான்சின் அட்டையோடு ஸ்ட்ராஸ்பூர்கில் வாழும் இந்தியர் கேலில் உள்ள கடையில் வேலை பார்க்க ஜெர்மனியின் தனி அனுமதி வேண்டும். உயர்தகுதிப் பணியாளர்களுக்கு ஒன்றிய நாடுகள் தரும் நீல அட்டை உள்ளவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: முதல் நாட்டில் 12 மாதம் முடித்தபின், இதில் சேர்ந்துள்ள மற்றொரு ஒன்றிய நாட்டுக்குப் புதிய விசா இல்லாமல் போய், ஒரு மாதத்துக்குள் அங்கே நீல அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

எட்டாம் படி: ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கணவனோ மனைவியோ இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுக் குடிமக்கள் உரிமை நெறிமுறை அவர்களுக்கு உதவும். ஆனால் அது எப்போது உதவும் என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. குடிமகன் தன் சொந்த நாட்டைவிட்டு வேறொரு ஒன்றிய நாட்டுக்குப் போகும்போதுதான் அந்த நெறிமுறை செயல்படும். பிரெஞ்சுக் கணவரோடு இத்தாலி செல்லும் இந்திய மனைவிக்கு விசாக் கட்டணம் கிடையாது, விரைவாக முடிவு சொல்ல வேண்டும், வங்கிக் கணக்கும் வேலைச் சான்றும் கேட்கக் கூடாது. திருமணச் சான்றும் உடன் பயணம் செய்வதற்கான ஆதாரமும் போதும். அதே தம்பதி பிரான்சுக்குப் போனால் பிரான்சின் உள்நாட்டுச் சட்டமே பொருந்தும். விண்ணப்ப மையத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போகலாம். எனவே படிவத்தில் ஒன்றியக் குடிமகனின் குடும்பத்தினர் என்ற கட்டத்தை நிரப்பி, நெறிமுறையின் பெயரைக் குறிப்பிட்ட ஒரு கடிதத்தையும் இணைப்பது நல்லது.

மறுப்பும் தாமதமும்

விசா மறுக்கப்பட்டால் காரணங்கள் குறிக்கப்பட்ட ஒரு படிவம் தருவார்கள். முடிவெடுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. வழியும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் தூதரகத்திடமே கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் பழைய முறை 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். குறிக்கப்பட்ட காரணம் விடுபட்ட ஆவணமாகவோ தெளிவில்லாத நோக்கமாகவோ இருந்தால், புதிய விண்ணப்பமே பெரும்பாலும் விரைவான வழி. முந்தைய மறுப்பை மறைக்க முயலாதீர்கள். அது எல்லா ஷெங்கன் தூதரகங்களும் பார்க்கும் தகவல் தொகுப்பில் இருக்கிறது.

அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்கினால் அபராதம், வெளியேற்ற ஆணை, சில ஆண்டுகளுக்கு நுழையத் தடை என்று விளைவுகள் நாட்டைப் பொறுத்து வேறுபடும். ஒரு நாடு விதிக்கும் நுழைவுத் தடை எல்லா ஷெங்கன் நாடுகளையும் கட்டுப்படுத்தும். ஆனால் மருத்துவமனையில் சேர நேர்ந்தாலோ, விமானங்கள் நின்றுவிட்டாலோ, கையைக் கட்டிக்கொண்டு நாள் கடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விசா முடிவதற்குள் அப்போது இருக்கும் நாட்டின் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றோடு அல்லது விமான நிறுவனத்தின் அறிவிப்போடு சென்றால், தவிர்க்க முடியாத காரணத்துக்காகவும் மனிதநேய அடிப்படையிலும் விசாவைக் கட்டணமின்றி நீட்டிப்பார்கள். கடுமையான சொந்தக் காரணங்களுக்காக நீட்டிக்க 30 யூரோ கட்டணம். காப்பீட்டையும் அதே தேதி வரை நீட்டித்து, அதன் சான்றை உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.